நான் பாதிதான் குடிப்பேன்

அந்தா பாருங்க அண்ணாச்சி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால, ஜன்னல் ஓரமா நீலச் சட்டை போட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான் பாத்தியளா? அவன்தான். பேரு இன்னாசி. கோவில்பட்டியில வண்டி ஏறினதுல இருந்து ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தானான்னு கேளுங்க. பாக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுலயே சொல்லிட்டான். "நான் முன்னால போய் உக்காருதேன். திரும்பிப் பாக்க மாட்டேன். வழியில எங்கனயாச்சும் இறங்கணும்னு தோணிச்சுன்னா இறங்கிக்கோ மக்கா. உன் காலு, உன் இஷ்டம்." கூட்டிக்கிட்டுப் போறவன் பேசுற பேச்சா இது?

உங்க பைய இங்கன குடுங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன். கனமா இருந்தாப் பரவால்ல. எனக்குக் கையில ஏதாச்சும் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். வண்டி ரொம்பக் குலுங்குது பாருங்க.

நீங்க திருநெல்வேலிக்கா? மக வீட்டுக்கா? நல்லது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பெரிய ஆஸ்பத்திரியில குடிய நிறுத்துற வார்டு ஒண்ணு இருக்காம்லா, அங்க. ஏன் அப்படிப் பாக்கிய? தள்ளி உக்காராதிய அண்ணாச்சி. நான் குடிகாரன் கிடையாது. அதக் கேக்கத்தான் அந்த டாக்டரையே பாக்கப் போறேன். "இவனுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அந்த மனுசன் வாயால சொல்லட்டும், இந்தப் பய அதக் காதால கேக்கட்டும். வேற ஒரு சோலியும் எனக்கு அங்க இல்ல.

அதுவும் திருநெல்வேலி வரைக்கும் போவேனான்னு சொல்ல முடியாது. கயத்தாறுல வண்டி நிக்கும். மணி பன்னெண்டு தாண்டிருச்சு, கடை திறந்திருப்பான். இறங்கி ரோட்டைத் தாண்டினா கடைதான். அந்த ஊர்ல நான் வேல பாத்திருக்கேன், எனக்குத் தெரியும். இறங்கினாலும் இறங்கிருவேன். அவன் வேணும்னா தனியாப் போயி அந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வரட்டும்.

நான் பெயிண்டர். பால்ச்சாமின்னு கேட்டா எங்க ஊர்ல கட்டட வேல பாக்குறவன் அத்தன பேருக்கும் தெரியும். சுவத்துல பார்டர் போடுறது இருக்குல்லா, மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு, நடுவுல ஒரு கோடு. இப்போ உள்ள பயலுவ டேப்பு ஒட்டிட்டு அடிக்கானுவ. நான் நூல் கூடப் பிடிக்க மாட்டேன். கண்ணால பாத்து ப்ரஷ்ஷ வச்சேன்னா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு. இன்னாசிக்கு அது வராது. அவன் உயரத்து வேலைக்காரன். அவன் ஏணியில ஏறுவான், நான் கீழ பிடிப்பேன். கல்யாணம் ஆகுறதுக்கு முன்னால இருந்தே இப்படித்தான். வேற எவன் பிடிச்சாலும் ஏற மாட்டேன்னு சொல்லுவான். அப்படிச் சொன்னவன்தான் இவன். கேட்டுக்கோங்க.

சாயங்காலம் வேல முடிஞ்சா கட்டிங். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டுமா? இல்லையா? அப்போ சொல்லுதேன். ஒரு குவார்ட்டர் பாட்டில வாங்கி ரெண்டு பேரு ஆளுக்குப் பாதி. அதான் கட்டிங். கடை வாசல்ல முன்னப் பின்னத் தெரியாதவன் வந்து "கட்டிங்குக்கு ஆள் வேணுமா"ன்னு கேப்பான், சேந்து வாங்குவான், குடிப்பான், அவன் பாட்டுக்குப் போயிருவான். எங்களுக்கு அந்தத் தரித்திரம் கிடையாது. எனக்கு இன்னாசி, இன்னாசிக்கு நான். ஊத்துறது எப்பவும் நான்தான். ரெண்டு டம்ளரையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு சொட்டு கூடக் குறைய இருக்காது. கண்ணு மட்டம் அப்படி.

அதனாலதான் சொல்லுதேன், நான் குடிகாரன் கிடையாது. முழு பாட்டில ஒருத்தனாக் குடிக்கான் பாருங்க, அவன்தான் குடிகாரன். நான் பாதிதான் குடிப்பேன். காலையில ஒரு பாதி உண்டு, முந்தின நாளே வாங்கி வச்சுக்கிடுவோம், அது கைக்கு. காலையில கை கொஞ்சம் ஆடும்லா, உள்ள ஒரு பாதி போனாத்தான் ப்ரஷ் நிக்கும். அதக் குடின்னு சொல்ல முடியுமா? கண்ணு தெரியாதவன் கண்ணாடி போட்டுக்கிடுற மாதிரி அது. மத்தியானம் சோத்துக்கு முன்னால ஒரு பாதி. சாயங்காலம் ஒரு பாதி. அலுப்பா இருந்தா இன்னொரு பாதி. எத்தன போட்டாலும் பாதி பாதிதான அண்ணாச்சி? எம் பொண்டாட்டி பஞ்சவர்ணத்துக்கு இது விளங்கவே விளங்காது. "எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க"ம்பா. கூட்டிப் பாக்குறதுக்கு இது என்ன மளிகைச் சாமானா?

இப்படி ஒழுங்கா போய்க்கிட்டிருந்த பொழப்பு. போன புரட்டாசியில இவனுக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளாச்சு. வயிறு வீங்கிருச்சு. மஞ்சக்காமாலைதான், கீழாநெல்லி அரைச்சுக் குடிலேன்னு சொன்னேன். இவன் வீட்டம்மா லூர்து மைனி கேக்கல. நேரா அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. அங்கன வயித்தப் பாத்துட்டு, பொறவு அந்த வார்டுல கொண்டு போட்டுட்டானுவ. நான் போய்ப் பாக்கல. போகணும்னுதான் இருந்தேன். ரெண்டு மூணு தடவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை இருக்கு. அதோட சரி.

திரும்பி வந்த அன்னைக்குச் சாயங்காலம் நான் கடை வாசல்ல நிக்கேன். தூரத்துல வாரான். சட்டை அவன் மேல தொங்குது, ஆளே பாதி ஆயிட்டான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு அண்ணாச்சி, பொய் சொல்லல. ஓடிப் போயி பாட்டில் வாங்கி, ரெண்டு டம்ளர் வாங்கி, தண்ணி பாக்கெட்டும் வாங்கிட்டு நிக்கேன். கிட்ட வந்தவன் என்ன சொல்லுதான் தெரியுமா? "எனக்கு வேண்டாம் மக்கா. உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்த வாசல்ல நான் ரொம்ப நேரம் நிக்கக் கூடாது." நிக்கக் கூடாதாம்! நான் நிக்கலாம், அவன் நிக்கக் கூடாது. தோளத் தட்டிட்டு விறுவிறுன்னு போயிட்டான். என் கையில முழு பாட்டில் இருக்கு. நான் என்ன செய்ய? ரோட்டுல கொட்டவா?

அன்னைக்குத்தான் முதமுதலா ஒரு முழு பாட்டில நான் ஒருத்தனாக் குடிச்சேன். யாரு குடிக்க வச்சது? நீங்களே சொல்லுங்க. ஊரெல்லாம் இவனத் திருந்திட்டான் திருந்திட்டான்னு கொண்டாடுது. இவன் திருந்தினதுல நான் முழு பாட்டிலுக்கு வந்தேனே, அத எவனாச்சும் கேட்டானா? வயிறு எரியுது அண்ணாச்சி.

வேற ஆளு தேடாமலும் இல்ல. தேடினேன். ஒருத்தன் ஊத்தும்போதே தன் டம்ளர் பக்கம் சாய்க்கான். ஒருத்தன் குடிச்சிட்டு, செத்துப் போன தம்பிய நினைச்சு என் தோள்ல சாஞ்சு அழுது, சட்டையெல்லாம் மூக்கச் சிந்தி வச்சுட்டான். இன்னொருத்தன் மறுநாள் என் வீட்டுக்கே வந்து பஞ்சவர்ணத்துக்கிட்ட "தங்கச்சி, சோறு இருக்கா"ன்னு கேக்கான். அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. இந்த எளவெல்லாம் எதுக்குன்னு தனியாவே குடிக்க ஆரம்பிச்சேன்.

இவன் என்ன செஞ்சான்? அந்தக் கூத்தக் கேளுங்க. வேல முடிஞ்சா நேர் ரோட்டுல வீட்டுக்குப் போக மாட்டான். கடை வழியில இருக்காம். பள்ளிக்கூடத்தச் சுத்தி, ரயில் கேட்டத் தாண்டி, ஊரையே ஒரு சுத்துச் சுத்திப் போவான். சட்டைப்பையில எப்பவும் கடலைமிட்டாய். குடிக்கணும்னு தோணினா ஒண்ண எடுத்துக் கடிச்சுக்கிடுவானாம். நரைச்ச மீசைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னு கடலைமிட்டாய் திங்கான். ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு கூட்டம். குடிய விட்டவனெல்லாம் வட்டமா உக்காந்து ஆளுக்கு ஆளு தான் செஞ்ச கோட்டித்தனத்தச் சொல்லி டீ குடிப்பானுவளாம். "இனிமே குடிக்கவே மாட்டியாலே"ன்னு நான் ஒரு நாள் கேட்டேன். "அதெல்லாம் தெரியாது மக்கா. இன்னைக்குக் குடிக்கல"ங்கான். இது ஒரு பதிலா? குடிய விட்டவன் நெஞ்ச நிமித்திச் சொல்ல வேண்டாமா?

அதையும் பொறுத்துக்கிட்டேன். வேல வேணும்லா. மார்கழி வந்துட்டா எங்களுக்குத் தலைக்கு மேல வேல. பொங்கலுக்கு முன்னால எல்லா வீட்டுக்காரனுக்கும் ஒரே நேரத்துல சுவரு பளிச்சுன்னு ஆகணும். ஒரு வாத்தியார் வீடு. புது வீடு. மாடிப்படிக்கு மேல உயரச் சுவரு. இன்னாசி மேல, நான் கீழ. தரை பூரா டைல்ஸ், அந்த வீட்டம்மா வேற துடைச்சு விட்டிருக்கா. ஏணி வழுக்கிருச்சு. டைல்ஸ்னா ஏணி வழுக்கத்தான செய்யும்? இவன் ஜன்னல் கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டான். பெயிண்டு வாளி அந்தம்மாவோட சோபா மேல. ஒரே கூப்பாடு. மேஸ்திரி ஓடி வந்து "ஏணிய யாருலே பிடிச்சது"ங்கான்.

நான்தான் பிடிச்சிருந்தேன். அந்த நிமிசம் பிடிக்கல, அவ்வளவுதான். வெளிய போயிருந்தேன். என் வண்டி வெயில்ல நின்னுச்சு, பாட்டில் சீட்டுக்குக் கீழ இருந்துச்சு. வெயில் பட்டா வீணாப் போயிரும்லா? நிழல்ல எடுத்து வைக்கத்தான் போனேன். எடுத்தது எடுத்தாச்சேன்னு ஒரு வாய். அதுக்குள்ள இவனுக்கு மேல என்ன அவசரம்? நான் வந்த பொறவு கைய எட்டிப் போட்டிருக்கலாம்லா? இதக் கேட்டா மேஸ்திரி என்னை அடிக்க வாரான்.

இன்னாசி இறங்கி வந்தான். முழங்கையில தோலு உரிஞ்சு ரத்தம் வடியுது. ஏசியிருந்தாப் பரவால்ல. ரெண்டு அறை விட்டிருந்தாக் கூட வாங்கிட்டுப் போயிருப்பேன், கூட்டாளிதான. அவன் சத்தமே போடல. மேஸ்திரி முன்னால, வீட்டுக்காரம்மா முன்னால, "இனிமே பால்ச்சாமி பிடிச்சா நான் ஏற மாட்டேன்"னு மட்டும் சொன்னான். பக்கத்துல கம்பி கட்டிக்கிட்டிருந்தான் ஒரு வடக்கத்தி ஆளு, அவனுக்கு ஒரு வார்த்த தமிழ் தெரியாது. அவனச் சைகை காட்டிக் கூப்பிட்டு ஏணியப் பிடிக்கச் சொல்லிட்டு ஏறிட்டான். நான் பாத்துக்கிட்டே நிக்கேன். அவன் ஏறுறான், நான் நிக்கேன். இன்னைக்கு நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

நான் சும்மா விடுவேனா? அன்னைக்குச் சாயங்காலமே ஒரு பாட்டில முடிச்சிட்டு அவன் தெருவுக்குப் போனேன். தெருவே திரளும்படி ஏசினேன். "வெளிய வாலே! யாருக்குலே கை ஆடுது? என் கை பிடிச்ச ஏணியில ஏறித்தானலே நீ வீடு கட்டினே"ன்னு கேட்டேன். லூர்து மைனி கதவச் சாத்தப் பாத்தா. இவன் வெளிய வந்தான். முழங்கையில கட்டுப் போட்டிருக்கான். சொல்லுதான், "நாளைக்குக் காலையில நான் உன் வீட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் நீ ஒரு வாய் குடிக்காம இரு. ஒரு டம்ளர் தண்ணிய சிந்தாம குடிச்சுக் காட்டு. காட்டிட்டேன்னா அந்த வாத்தியார் வீட்டு வாசல்லயே வச்சு உன் கால்ல விழுதேன்." தண்ணி குடிக்குறது ஒரு பந்தயமாலே, வாலேன்னுட்டு வந்துட்டேன்.

காலையில வந்தான். பஞ்சவர்ணம் தண்ணி கொண்டாந்தா. விளிம்பு வரைக்கும் ஊத்திக் கொண்டாந்திருக்கா! விருந்தாளிக்குக் கூட அவ இப்படி ஊத்த மாட்டா. எவர்சில்வர் டம்ளரு வேற, கையில நிக்காது. வாயிக்குக் கொண்டு போறதுக்குள்ள நெஞ்செல்லாம் தண்ணி, தரையெல்லாம் தண்ணி. டம்ளரு பல்லுல போயி டக்கு டக்குன்னு அடிக்குது. பஞ்சவர்ணம் கந்தத் துணி எடுத்துட்டு வந்து குனிஞ்சு தரையத் துடைச்சா. துடைச்ச இடத்தையே துடைச்சுக்கிட்டு இருந்தா. சிரிச்சிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது.

இவன் பக்கத்துல வந்து உக்காந்தான். "இது உன் திமிரு இல்ல மக்கா. சீக்கு. எனக்கும் இதே சீக்குதான். உடம்பு அதுக்குப் பழகிப் போச்சு, இல்லேன்னா ஆடுது. மனசு கெட்டவன்னு உன்ன நான் சொல்லல. இதுக்கு வைத்தியம் இருக்கு, வா"ன்னான். சீக்காம் எனக்கு! ஒரு நாள் காய்ச்சல்னு நான் படுத்தது கிடையாது. குடிகாரன்னு கூப்பிட்டாலாவது திருப்பி ஏசலாம். சீக்காளின்னா என்னத்தச் சொல்லி ஏச?

"நானே நிறுத்திக் காட்டுதேன்லே, உன் டாக்டரும் வேண்டாம் மயிரும் வேண்டாம்"னேன். அதுக்கும் வேண்டாங்கான். "நீயாத் திடீர்னு நிறுத்தாத. இவ்வளவு குடிச்ச உடம்புக்கு வலிப்பு வந்து உயிரே போயிரும். ஆஸ்பத்திரியில வச்சு, மருந்து குடுத்துப் பையத்தான் நிறுத்தணும்"னு கெஞ்சுதான். குடிச்சாலும் தப்பு, நிறுத்தினாலும் தப்பு! இவனுக்கு நான் என்னதான் செய்யணும்? போலே வெளியன்னேன். நிறுத்தினேன். எவன்கிட்டயும் கேக்காம நிறுத்தினேன்.

அன்னைக்குப் பூரா வேர்வை. சோறு உள்ள போகல. கை மட்டும் ஆடினது போயி உடம்பே ஆடுது. அதையும் தாங்கிக்கிட்டேன். மறுநாள் மத்தியானம் பாருங்க, எங்க வீட்டுச் சுவத்துல எறும்பு. பச்சைச் சுவரு, நான் கையால அடிச்ச சுவரு. கீழ இருந்து மேல வரைக்கும் சாரை சாரையா எறும்பு. பஞ்சவர்ணத்த ஏசினேன், சீனிய எங்கடி கொட்டி வச்சிருக்கன்னு. "எறும்பு எங்க இருக்கு"ங்கா. கண்ணு தெரியல அவளுக்கு. பட்டி தேய்க்கிற தகட்ட எடுத்துச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வருது. அந்தச் சுவத்துல நான் போட்ட பார்டரு இருந்துச்சு, கருநீலம். அதையும் சேத்துச் சுரண்டிட்டேன். அவ கத்தின கத்துல தெருவே வந்துருச்சு.

இன்னாசியும் வந்தான். எல்லாரும் "எறும்பு இல்லப்பா, எறும்பு இல்லப்பா"ங்காவ. இவன் மட்டும் அப்படிச் சொல்லல. என் கையில இருந்த தகட்டப் பைய வாங்கி வச்சுட்டு, "எனக்குப் பல்லி மக்கா. வார்டுல போட்ட புதுசுல மேலெல்லாம் பல்லியா ஊருச்சு"ன்னான். யாருலே உன்கிட்டக் கேட்டதுன்னு ஏசினேன். ஏசிக்கிட்டே அழுகை வந்துருச்சு. வேர்வைதான், கண்ணுல இறங்கிருச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். அவிய உடனே கொண்டாந்து சேருங்கன்னுட்டாவளாம். நான் மாட்டேன்னேன். அலமாரிக்குப் பின்னால ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தேன், எடுத்து ஒரு வாய் குடிச்சேன். எறும்பு பூராப் போயிருச்சு அண்ணாச்சி! ஒண்ணு இல்ல. சுவரு சுவரா நிக்குது. அப்போ எது மருந்து? சொல்லுங்க, எது மருந்து? இதச் சொன்னா இன்னாசி தலையில கைய வச்சுக்கிடுதான்.

ராத்திரி பூரா அவன் என் வீட்டு வாசல்லயே படுத்துக் கிடந்தான்னு பஞ்சவர்ணம் சொன்னா. நான் பாக்கல. காலையில ஒரு பைய எடுத்துட்டு வந்து என் முன்னால வச்சா. கைலி, துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வச்சிருக்கா. போக மாட்டேன்னேன். நீ வேணா உங்கண்ணன் வீட்டுக்குப் போடின்னேன். எப்பவும் அதச் சொல்லித்தான மிரட்டுவா. இன்னைக்கு அவ சொல்லுதா, "எங்கயும் போக மாட்டேன். நீங்க வராட்டா இங்கயே இருந்து பாத்துக்கிட்டிருப்பேன். என்னைக்கு முடியுதோ அன்னைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டிருப்பேன்." கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல அவளுக்கு. அந்த முகத்த வச்சுக்கிட்டு ஒருத்தி எதிர்ல உக்காந்திருந்தா எவன் வீட்டுல இருப்பான்? கிளம்பிட்டேன். அவளுக்குப் பயந்து இல்ல. டாக்டர்கிட்டக் கேட்டு இவனுவ வாய அடைக்கணும். முதல்லயே சொன்னேன்லா.

அவன் என்னை என்ன நினைச்சிட்டான், அதச் சொல்லுங்க. நாய்க்குட்டிய விட்டுப் பிடிக்கிற மாதிரி முன்னால போயி உக்காந்துக்கிட்டு, திரும்பிப் பாக்க மாட்டானாம். உண்மையான கூட்டாளின்னா பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டானா? "டேய், இறங்காதலே"ன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டானா? பெருமை அண்ணாச்சி. தான் கரையேறிட்டோம்ங்கிற பெருமை. அந்த முதுகப் பாருங்க, எப்படி விறைச்சுக்கிட்டு இருக்குன்னு. கோவில் சிலை மாதிரி.

என்ன, கயத்தாறு வந்துருச்சா? ஆமா, அந்தா கண்டக்டர் கூப்பிடுதான். பைய வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. ஆமா, இறங்கத்தான் போறேன். கை ஆடுது, தெரியுது, நீங்க சொல்ல வேண்டாம். அதுக்குத்தான் இறங்குதேன். ஒரு பாதி போட்டா நின்னுரும். பொறவு அடுத்த வண்டி பிடிச்சு வாரேன், வராமப் போறேன், என் இஷ்டம். அவனே சொல்லிட்டான்லா. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க.

அந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம், தெரியுதா? அந்தக் கூட்டந்தான் கடை. அதுக்குள்ள எத்தன பேரு பாருங்க. அவன் ஜன்னலுக்கு நேரா இருக்கு. நான் இறங்கிப் போறத அவன் அங்க இருந்தே நல்லாப் பாக்கலாம். பாக்கட்டும்.

இப்பவாச்சும் திரும்புதானான்னு ஒரு தடவ பாத்துட்டு இறங்குதேன்.

அண்ணாச்சி. அவன் என்ன செய்யுதான்? முன் சீட்டுக் கம்பியில தலைய முட்டிக்கிட்டு இருக்கான். ரெண்டு கையாலயும் கம்பிய எதுக்கு அப்படிப் பிடிச்சிருக்கான்? சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருக்கே. தூங்குதானா? தூங்குறவன் அப்படிப் பிடிக்க மாட்டான். கண்ண இறுக்கி மூடியிருக்கான், பாருங்க, இந்தப் பக்கத்துக் கன்னம் இழுத்துக்கிட்டு நிக்குது.

அட சண்டாளா. என்னைப் பாக்காம இருக்கான்னு நினைச்சேன், இவன் கடையப் பாக்காம இருக்கானா? புரட்டாசி போயி மார்கழி வந்தாச்சேலே, இன்னுமா உனக்கு? என்கிட்டச் சொல்ல மாட்டியாலே? இதுல என்னை வேற கூட்டிக்கிட்டு, இந்தக் கடைக்கு எதிர்ல நிக்கிற வண்டியாப் பாத்து ஏறியிருக்கான். கூறு கெட்ட மூதி. ஒரு கையி கம்பிய விடுது, பாருங்க. அவன் எந்திரிச்சிருவான் அண்ணாச்சி. நான் இப்போ இறங்கினேன்னா எனக்குப் பின்னாலயே இறங்கிருவான். லூர்து மைனிக்கு நான் என்ன பதில் சொல்ல?

எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தாங்கிக்கிடுவேன். இவனத்தான் தனியா விட முடியாது. வழிய விடுங்க, நான் முன்னால போறேன். ஏ இன்னாசி! இருலே, அசையாத, இந்தா வாரேன்! யோவ் கண்டக்டர், எதுக்குய்யா இன்னும் நிறுத்தி வச்சிருக்க? இறங்குறவன் எல்லாம் இறங்கியாச்சுல்லா? நான் இறங்கல! நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு! விசில ஊதுய்யா! எடுய்யா வண்டிய!